‘பேரம் பேசினார்’ என்பதற்கு மாற்றுச் சொற்கள் உண்டா?

எழுதுகோல் (வினா)

ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைப் பற்றிச் சிறுகதை ஒன்று எழுதி வருகிறேன். அதில் பாட்டி கீரைக்கட்டுக்கும், மகன் கறவை மாட்டுக்கும், பேரன் வீட்டு மனைக்கும் பேரம் பேசுகிறார்கள். மூன்று இடத்திலும் அதே வினையை எழுதியிருப்பது, திரும்பப் படிக்கும்போது சலிப்பூட்டுகிறது. ‘விலை பேசு’ என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. வழக்கில் உள்ள பிற சொற்களை, எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதோடு தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

கல்லாப்பெட்டி

காய்கறிக் கடையில் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கடையில் நிற்கும் இருவரும் தாங்கள் செய்வதைப் பேரம் என்று சொல்லிக்கொள்வது அரிது. ‘பேரம் பேசாதீங்கம்மா’ என்று மற்றவரைத் தடுக்கத்தான் அந்தச் சொல் வெளியே வரும். மற்றபடி விற்பவர் விலை சொல்கிறார், வாங்குபவர் விலை கேட்கிறார், அவ்வளவே. ‘இருபது சொன்னான், பன்னிரண்டுக்குக் கேட்டேன், பதினைந்துக்கு இறங்கி வந்தான்’ என்று ஒரு பெண்மணி பக்கத்து வீட்டாரிடம் சொன்னால், பேரம் என்ற சொல் தலைகாட்டாமலேயே முழுப் பேரமும் சொல்லி முடிக்கப்பட்டுவிடுகிறது.

கேட்பதிலும் தரம் உண்டு. சற்றே குறைவாகச் சொன்னால் அது குறைத்துக் கேட்பது. பாதிக்கும் கீழே போனால் அடித்துக் கேட்பது. விற்பவர் மனம் நோகும் அளவுக்குப் போனால் அடிமாட்டு விலைக்குக் கேட்பது. தொகை எதையும் சொல்லாமல் ‘பார்த்துப் போட்டுக் கொடுங்க’ என்று பொறுப்பைக் கடைக்காரர் தலையில் வைத்துவிடுவது இன்னொரு வகை; என் அனுபவத்தில் அதுவே அதிகம் பலிப்பது. விற்பவரின் பதிலுக்கும் தனிச் சொற்கள் இருக்கின்றன: ‘கட்டாதும்மா’, ‘வாங்கின விலைக்கே வரல’. கீரை விலை இறங்காது என்று தெரிந்தபின் உங்கள் பாட்டி கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்பார் என்று நம்புகிறேன். அதுவும் பேரந்தான். அவர் காலையில் முதல் ஆளாக வந்திருந்தால், போணி நேரம் என்பதால் கடைக்காரர் அவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் இறங்கி வருவார்.

மேய்ச்சல்நிலம்

மகனுக்கு நான் சொல்கிறேன். மாட்டுச் சந்தையில் வாய்ப்பேச்சே குறைவு. ஈரோட்டில் வியாழக்கிழமை கூடும் கருங்கல்பாளையம் சந்தை போன்ற இடங்களில், தரகர் துண்டால் கையை மூடிக்கொண்டு, விற்பவரின் விரல்களைப் பிடித்து ஒரு தொகையைத் தெரிந்துகொண்டு, பிறகு வாங்குபவரிடமும் அதே முறையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவதை இன்றும் காணலாம். சுற்றி நிற்பவருக்கு விலை தெரியாது. ஆகவே அந்தக் காட்சிக்கு ‘பேசினார்’ என்ற வினையே பொருந்தாது. ‘விரலைப் பிடித்தார்’ என்று எழுதினாலே சந்தை கண்முன் வந்துவிடும்.

முடிவைச் சொல்லும் வினைகளையும் மறந்துவிட வேண்டாம். விலை படிந்தது, விலை திகைந்தது என்பார்கள் (பேச்சில் ‘தெகஞ்சிருச்சு’). இவை விலையையே எழுவாயாகக் கொண்டவை. யார் விட்டுக்கொடுத்தார் என்பதைச் சொல்லாமல் மறைத்துவிடுவதால் இரு தரப்புக்கும் மானம் காக்கும். படிந்தபின் அச்சாரம் கைமாறும். படியாவிட்டால் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

சொல்லாய்வன்

மனைக்கு ‘கிரயம் பேசினான்’ என்பது இயல்பான வழக்கு. ‘விலை பேசி முடித்து முன்பணம் கொடுத்தான்’ என்றும் எழுதலாம். ஆனால் ‘விலை பேசு’ என்பதை எல்லா இடத்திலும் நடுநிலையான சொல்லாகக் கருத வேண்டாம். ‘என்னையே விலை பேசுகிறாயா?’ என்று ஒருவர் கேட்டால் அது கையூட்டைப் பற்றிய கோபம். பேரம் என்ற சொல்லும் அப்படித்தான் இரு திசைகளில் போயிருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர்களை இழுப்பது குதிரை பேரம் என்று இகழப்படுகிறது. தொழிற்சங்கம் நிர்வாகத்தோடு ஊதியம் பற்றிப் பேசுவதோ கூட்டுப் பேரம் என்ற மதிப்பான பெயரில் உரிமையாகவே கருதப்படுகிறது.

பழஞ்சொல் வேண்டும் என்று பகர்தல், நொடுத்தல் ஆகியவற்றைச் சிலர் பரிந்துரைக்கக்கூடும். அவை விற்றலைக் குறிப்பவை. விலையைக் குறைக்கச் செய்யும் வாதத்தை அல்ல. பட்டினப்பாலை காட்டும் வணிகர்கள் ‘கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது’ வாழ்ந்தவர்கள். அவர்கள் கடையில் உங்கள் பாட்டிக்கு வேலையே இருந்திருக்காது.

எழுதுகோல்

மூவருக்கும் நன்றி. அப்படியானால் முதல் காட்சியில் ‘பாட்டி பன்னிரண்டு ரூபாய் கேட்டார்’ என்று எழுதினால் போதுமா?

கல்லாப்பெட்டி

போதாது ஐயா. ‘பன்னிரண்டு ரூபாய் கேட்டார்’ என்றால் பாட்டி கடைக்காரரிடம் காசு கேட்டதாக ஆகிவிடும், அல்லது அவரே கீரை விற்பவராகிவிடுவார். ‘பன்னிரண்டு ரூபாய்க்குக் கேட்டார்’ என்று நான்காம் வேற்றுமை வந்தால்தான் அவர் வாங்குபவர்.