சாண்ட்ரா சிஸ்னெரோஸ் படித்த இரண்டு வீடுகள்

லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட அமெரிக்க) எழுத்தாளர்களில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியவர் சாண்ட்ரா சிஸ்னெரோஸ். 1984-இல் வந்த ‘தி ஹவுஸ் ஆன் மாங்கோ ஸ்ட்ரீட்’ ஒல்லியான புத்தகம்தான். அதன் தொடக்கத்திலேயே ஓர் இடம்: பெயின்ட் உரிந்த மூன்றாம் மாடி, பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதென்று ஜன்னலில் அப்பா அடித்து வைத்த மரச்சட்டங்கள். கீழே விளையாடும் சிறுமியிடம், அங்கேயா இருக்கிறாய் என்று பள்ளிக் கன்னியாஸ்திரி கேட்கிறார். வாடகை வீடு மாறி மாறி வளர்ந்தவள் நான். அந்தப் பக்கத்தைத் தாண்டவே நேரமாயிற்று.

அவர் என்ன படித்து வளர்ந்தார் என்று பிறகு தேடிப் படித்தேன். சிகாகோவில் ஏழு பிள்ளைகளில் ஒரே பெண். வர்ஜீனியா லீ பர்ட்டனின் ‘தி லிட்டில் ஹவுஸ்’ படக்கதையை நூலகத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்து வருவாராம். புத்தகம் கடையில் கிடைக்கும் என்பதே தெரியாத வயது. தொலைந்துவிட்டது என்று சொல்லிக் காசைக் கட்டிவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று சகோதரரோடு சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறார்!

பின்னாளில் அயோவா எழுத்துப் பட்டறையில் பிரெஞ்சுத் தத்துவவாதி பஷ்லாரின் ‘தி பொயட்டிக்ஸ் ஆஃப் ஸ்பேஸ்’ வகுப்புக்கு வந்தது. வீடு, பரண், நினைவு என்று எல்லாரும் பேசப் பேச, தன் வீடு அதில் எங்கேயும் இல்லையே என்று முதலில் கூச்சம், அப்புறம் கோபம். அந்தக் கோபத்தில்தான் மாங்கோ தெரு பிறந்தது. ஆசைப்பட்ட புத்தகத்துக்கு இருக்கும் பங்கு ஆத்திரமூட்டிய புத்தகத்துக்கும் உண்டு என்பேன்.

*

அக்கா, சிஸ்னெரோஸ் பற்றிய உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு எழுத்தாளர் ஹூலியா ஆல்வரெஸ் ஞாபகம் வந்துவிட்டது. டொமினிக்கன் குடியரசில் ட்ருஹியோவின் சர்வாதிகாரத்தில் வளர்ந்த பிள்ளை. சிறுவயதில் அவரை ஆட்கொண்டது ‘ஆயிரத்தொரு இரவுகள்’. 1960-இல், ஆட்சிக்கு எதிரான சதியில் அப்பாவுக்குப் பங்கு இருந்ததால் குடும்பமே நியூயார்க்குக்குத் தப்பியது. அதே ஆண்டு நவம்பர் 25-இல் ஆட்சியை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவரை ட்ருஹியோவின் ஆட்கள் கொன்றார்கள்.

அவர்களைப் பற்றி 1994-இல் ஆல்வரெஸ் எழுதிய ‘இன் த டைம் ஆஃப் த பட்டர்ஃப்ளைஸ்’ நாவலை இரவுப் பேருந்தில் விடிய விடியப் படித்தேன். மிஞ்சிய சகோதரி தேதே, தேடி வருகிறவர்களிடமெல்லாம் தங்கைகளின் கதையையும் அக்காவின் கதையையும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு அந்த இடத்தில் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ கதைசொல்லி ஷஹ்ரசாத்தான் தெரிந்தாள். அவள் உயிர் பிழைக்கக் கதை சொன்னாள், தேதே பிழைத்துவிட்டதால் சொல்கிறார்.

ஆல்வரெஸின் முதல் நாவல், 1991-இல் வந்த கார்சியா சகோதரிகளின் கதை, இப்போது கையில் இருக்கிறது. காலம் பின்னோக்கிப் போகுமாம். படித்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.