மறுமொழி: ‘ஓய்வுநிலம்’ வேண்டாம், ‘தரிசு’ போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

சிலகாலம் பயிரிடாமல் விட்டுவைக்கும் நிலத்தை (ஆங்கிலத்தில் fallow) அகராதியில் ‘ஓய்வுநிலம்’ என்று குறிக்கலாம் என ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். அந்தச் சொல் காதுக்கு இனிமைதான். ஆனால் வெப்பமண்டலத்தில், உழுதுவிட்டு வெறுமையாகப் போட்ட மண்ணுக்கு ஓய்வே கிடையாது. வெயில் சூட்டில் நுண்ணுயிர்கள் மட்கைத் தின்று தீர்க்கின்றன. மழைத்துளி மேல்மண்ணை அறைந்து இறுக்குகிறது. உறிஞ்ச வேர் இல்லாததால் நைட்ரேட் நீரோடு கீழே இறங்கிவிடுகிறது. பயிரில்லாக் காலத்தில் மண் தேறுமா தேயுமா என்பது, அப்போது அதன்மேல் எது வளர்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. சொல்லும் அதைக் காட்ட வேண்டும்.

ஐயா எடுத்துக்காட்டிய ‘தொடிப்புழுதி’க் குறள் (1037) இங்கே உதவாது. அது உழுத மண்ணை உணக்குவது, அதாவது காயவிடுவது, பற்றியது. ஆண்டுக்கணக்கில் நிலத்தை விட்டுவைப்பது பற்றியதல்ல.

தலைச்சொல் ‘தரிசு’வே இருக்கட்டும். ‘நடப்புத் தரிசு’ வருவாய்த்துறைக் கணக்கிலேயே உண்டு. ‘தரிசு’ வீண்நிலத்தையும் குறிக்கிறது என்ற தடை நியாயமானது, அதற்குத்தான் வகைக்கொரு முன்னொட்டு. மேலே சொன்ன, உழுது வெறுமையாகப் போட்ட நிலம் வெறுந்தரிசு.

வடகிழக்கு இந்திய ஜூம் சாகுபடியில், அதாவது காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டுப் பிறகு நிலத்தை மீண்டும் காடாக விட்டுவைக்கும் முறையில், காண்பது புதர்த்தரிசு. மரங்களின் ஆழவேர்கள் அடிமண்ணின் சத்தை மேலே கொண்டுவந்து சருகாக உதிர்க்கும்; காட்டை எரித்த சாம்பல் மண்ணின் அமிலத்தைத் தணிக்கும். முன்பு 20 ஆண்டு வரைகூட விட்டுவைத்த நிலத்துக்குப் பல இடங்களில் இப்போது 5 ஆண்டுகூடக் கிடைப்பதில்லை. சாம்பல் கொஞ்சம் கிடைக்கும், மட்கு சேராது.

மூன்றாவது வகை, மண் தேறுவதற்காகவே செடி வளர்க்கும் தரிசு. அதை ‘மேம்படுத்திய தரிசு’ என்கிறார்கள். எதைச் செய்து மேம்படுத்தினார்கள் என்று சொல்லாத அலுவலக மொழி இது. என் பரிந்துரை ‘நடவுத்தரிசு’. கிழக்கு ஜாம்பியாவில் செம்பை என்ற பயறுவகைச் சிறுமரத்தை நாற்றுவிட்டு நட்டு, 2 ஆண்டுபோல வளர்த்து, வெட்டிய பிறகு மக்காச்சோளம் விதைக்கிறார்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றிலிருந்து வந்து சேரும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) வராது. ஆகவே இதை முழு உரமாக எழுதிவிடக் கூடாது. கொளுஞ்சி இனப் பசுந்தாள் செடியை அங்கே நேரடியாக விதைக்கிறார்களே, அது நடவா என்று கேட்பீர்கள். ‘வளர்ப்புத்தரிசு’ என்றாலும் எனக்குச் சம்மதமே.

காவிரிப் படுகையின் ‘நெல் தரிசு உளுந்து’ (நெல் அறுவடையை ஒட்டி அதே வயலில் விதைக்கும் உளுந்து) இந்த வரிசையில் அடங்காது. அங்கே தரிசிலேயே பயிர் நிற்கிறது! ஊன்றிவிட்ட வழக்கு அது; அகராதியில் தனிப்பதிவாகப் போட்டுவிடலாம்.