அவசரம்: புறவாசல் ஷட்டில் கோர்ட் மூன்று மாதத்தில் வெடித்துவிட்டது

தேரிமேடு | சனி காலை 7.10
எல்லோருக்கும் வணக்கம். மகளுக்காக வீட்டுப் புறவாசலில் ஷட்டில் கோர்ட் போட்டேன். சிமெண்ட் தளம், மேலே பச்சை பெயிண்ட். மூன்று மாதம்கூட ஆகவில்லை, தரையெல்லாம் வெடிப்பு, பெயிண்டும் அங்கங்கே உரிகிறது. நாளைக் காலை கொத்தனார் வருகிறார். மேலே இன்னும் இரண்டு இஞ்ச் கான்கிரீட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள். அடுத்த மாதம் அவளுக்குப் பள்ளிப் போட்டி இருக்கிறது.

கரிசல்சீமை | 7.34
எந்த ஊர், என்ன மண் என்று சொல்லவில்லையே. கரிசலாக இருந்தால் காரணம் தேடவே வேண்டாம், மண்தான். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், மேலே எது இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடும். கயத்தாறு பக்கம் எங்கள் களமே இரண்டு முறை வெடித்தது. மூன்று அடி கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் போட்டு, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டிய பிறகுதான் நின்றது. மேலே இரண்டு இஞ்ச் போடுவதெல்லாம் காசைக் கரைப்பதுதான்.

பாளை சிவில் | 7.51
தேரிமேடு, இப்படிக் கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது. பத்து வருடமாக இங்கே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: மண் என்ன, தளத்தின் கனம் என்ன, கம்பி உண்டா, எந்த மாதம் போட்டது, எத்தனை நாள் தண்ணீர் விட்டது, ஜாயிண்ட் கட்டிங் (தளம் சுருங்க இடம் விட்டு வெட்டும் கோடு) போட்டதா. அதைச் சொல்லாமல் "வெடித்துவிட்டது" என்றால் எப்படி? வீட்டுத் தளம் வேறு, விளையாட்டுத் தளம் வேறு. அதை முதலில் தெரிந்துகொண்டு இறங்கியிருக்க வேண்டும்.

பனங்காடு | 8.05
சிமெண்ட்டே வேண்டாம் தம்பி. நம் சீமை வெயிலுக்கு மண் களம்தான். தேரிச் செம்மணல் மூன்று சட்டிக்குக் குளத்துக் கரம்பை (வண்டல் களிமண்) ஒரு சட்டி, தண்ணீர் தெளித்து மிதித்து, உருளை ஓட்டி, மேலே சாணம் தெளியுங்கள். பிள்ளைகள் முட்டிக்கும் நல்லது. வெடித்தால் மறுபடி கரம்பையைக் கரைத்து ஊற்றி உருட்ட வேண்டியதுதான், ஒரு காலை வேலை.

தமாம் அண்ணாச்சி | 8.40
பாளை சிவில் கேட்டதோடு இன்னும் மூன்று. கான்கிரீட் போட்டது எந்த நேரத்தில்? அன்று காற்று இருந்ததா? தண்ணீர் எங்கேயிருந்து?
ஏன் கேட்கிறேன் என்றால், நான் பதினாறு வருடமாகச் சவூதியில் கான்கிரீட் வேலையில் இருக்கிறேன். இங்கே கோடையில் தளம் போடுவது இரவில்தான். கலவைத் தண்ணீரில் ஐஸ் போடுவார்கள், ஜல்லியை நிழலில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். வெயிலைவிடக் காற்றுதான் கெடுக்கும். மேல்பரப்பு ஈரத்தைக் காற்று உறிஞ்சிவிட்டால், தளம் இறுகும் முன்பே வெடிக்கும். குளம் வற்றும்போது வண்டல் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அதே கதைதான். உங்கள் வெடிப்பு மெல்லிய கோடாக, தாறுமாறாக இருக்கிறதா, இல்லை நீளமாக ஒன்றுதானா? ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா?

தேரிமேடு | 9.15
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். திசையன்விளை பக்கம். தேரி மண். தரை தாழ்வாக இருந்ததால் இரண்டு அடி அதே தேரி மணலைக் கொட்டி உயர்த்தினோம், தண்ணீர் விட்டோம். தளம் 54க்கு 28 அடி, நான்கு இஞ்ச் கனம், 8 எம்எம் கம்பி. மே மாதம் போட்டது, காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மாலை மூன்றுக்கு முடிந்தது. மேல்காற்று நல்லா இருந்தது. மூன்று நாள் தண்ணீர் தெளித்தோம். கட்டிங் எதுவும் போடவில்லை. பத்தாம் நாள் பெயிண்ட். தண்ணீர் எங்கள் போர்தான், கொஞ்சம் உவர்ப்பு. மெல்லிய கோடுகள் தரை முழுக்க. தென்மேற்கு மூலையில் மட்டும் பெரிய வெடிப்பு, விரல் நுனி போகும்.

கரிசல்சீமை | 9.22
தேரி மணலா? மணலுக்கு அடியில் கரிசல் இருக்கும், தோண்டிப் பாருங்கள்.

பாளை சிவில் | 9.40
திசையன்விளைத் தேரியில் எங்கேயப்பா கரிசல்? எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து எழுதாதீர்கள். ஜாயிண்ட் இல்லாமல் 54 அடிக்கு ஒரே தளம் போட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? நான்கு இஞ்ச் தளத்துக்கு எட்டிலிருந்து பத்து அடிக்கு ஒரு கட்டிங், ஒரு இஞ்ச் ஆழம், மறுநாளுக்குள் போட்டிருக்க வேண்டும். கோடையில் அன்றைக்கே. நாம் கட்டிங் போடாவிட்டால் கான்கிரீட் தனக்கு வேண்டிய இடத்தில் தானே போட்டுக்கொள்ளும். அதைத்தான் நீங்கள் வெடிப்பு என்கிறீர்கள்.

தமாம் அண்ணாச்சி | 10.05
பாளை சிவில் சொல்வது சரி. ஆனால் இது இரண்டு நோய், ஒன்றாகப் பார்க்கக் கூடாது.
மெல்லிய கோடுகள் காற்றாலும் வெயிலாலும் வந்தவை. மூன்று நாள் தெளித்தது போதவே போதாது. காய்ந்த வெயிலில் பத்து நாளாவது வேண்டும், இப்போது எல்லோரும் வாங்குகிற, சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட்டுக்குப் பதினான்கு நாள். தெளிப்பது இல்லை, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், அல்லது நனைந்த சாக்கு. பெயிண்ட்டுக்கு 28 நாள் பொறுத்திருக்க வேண்டும். ஈரமும் மேலே படிந்த சிமெண்ட் பாலும் இருந்தால் எந்த பெயிண்டும் பிடிக்காது.
மூலை வேறு. விரல் நுனி போகிற வெடிப்பு என்றால் அடியில் மணல் இறங்கியிருக்கிறது. இரண்டு அடி நிரப்பு மணலை ரோலர் இல்லாமல் விட்டது ஒன்று, ஓரச் சுவர் உண்டா இல்லையா என்பது இன்னொன்று. தேரி மணல் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல், பொடியாக உருண்டையாக இருக்கும். நாலு பக்கமும் கட்டி வைத்தால் பாரம் தாங்கும், ஒரு பக்கம் வழி கிடைத்தால் ஓடிவிடும். சுத்தியலால் அந்த மூலையைத் தட்டிப் பாருங்கள். நடுத்தளத்தில் வருகிற சத்தமும் அதுவும் ஒன்றா?
உவர்ப்புத் தண்ணீரை லேசாக விடாதீர்கள். கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை குளோரைடு இருக்கலாம், கம்பி போட்டால் 500தான். மீறினால் கம்பி துருப்பிடித்து உள்ளிருந்தே உடைக்கும். ஒரு பாட்டிலில் பிடித்து டெஸ்ட்டுக்குக் கொடுங்கள்.

பி.டி. டீச்சர் | 10.30
தளம் இருக்கட்டும் அண்ணாச்சி, ஆடி மாதத்தில் திசையன்விளையில் வெளியே ஷட்டில் ஆட முடியுமா? இறகு காற்றோடு போய்விடும். நம் பக்கத்துக்குப் பூப்பந்துதான் பொருத்தம். கம்பளிப் பந்து, காற்றுக்கு நிற்கும், மண் தரையே போதும், ஐந்து ஐந்து பிள்ளைகள் ஆடலாம். எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகள் அதில்தான் மண்டலம் வரை போனார்கள்.

கரிசல்சீமை | 10.41
டீச்சர், பூப்பந்துக்கு 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் வேண்டும். அவரிடம் இருப்பது 54க்கு 28 அடி. எங்கே போடுவது?

பி.டி. டீச்சர் | 10.48
பயிற்சிக்குச் சின்னக் களம் போதும். பிள்ளைக்கு எது கைவருமோ அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பாளை சிவில் | 11.02
அவர் மகள் ஷட்டில் ஆடுகிறாள். கேள்வி தளத்தைப் பற்றி.

உவரி கடற்கரை | 11.20
வெளியே ஆடுவதற்கென்றே 2019இல் உலக பேட்மிண்டன் சம்மேளனம் ஏர்பேட்மிண்டன் கொண்டுவந்தது. காற்றைத் தாங்குகிற தனி ஷட்டில், கோர்ட் 16 மீட்டருக்கு 6 மீட்டர். 54 அடியில் அது அளவாக அடங்கும். போட்டிக்குப் பழக்கமான ஷட்டிலே வேண்டுமென்றால் விடிகாலையில் ஆட வேண்டியதுதான், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். மேற்கே வேலி ஓரமாகப் பனையோலை கட்டுங்கள், கொஞ்சம் தணியும். ஆனால் அடர்த்தியாகக் கட்டினால் காற்று மொத்தமாகப் பிடித்துத் தூணைச் சாய்த்துவிடும், இடைவெளி விடுங்கள். கோர்ட் தெற்கு வடக்காகத்தானே இருக்கிறது? கிழக்கு மேற்கென்றால் சாயங்காலம் ஒரு பக்கத்துப் பிள்ளைக்குக் கண் கூசும்.

பனங்காடு | 11.35
டீச்சர் சொன்ன மண் தரையைத்தான் நானும் சொல்கிறேன்.

தமாம் அண்ணாச்சி | 11.50
தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு) எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். பத்தடிக்கு ஒரு இஞ்ச், ஒரே பக்கமாக. நடுவில் மேடு வைத்து இரண்டு பக்கமும் இறக்கக் கூடாது, வலைக்குக் கீழே ஆட்டம் கெடும். காய்ந்த சீமை, மழையே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தளத்தில் தண்ணீர் கொட்டி ஒரு மணி நேரம் கழித்து, தேங்கிய இடத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தைப் படுக்கப் போடுங்கள். நாணயம் மூழ்கினால் அந்த இடம் பள்ளம்.

தேரிமேடு | மதியம் 2.20
தட்டிப் பார்த்தேன். நடுவில் ‘டண்’ என்கிறது, மூலையில் ‘தொப்’ என்று பானையைத் தட்டுகிற மாதிரி. ஓரச் சுவர் இல்லை, சரிவாக மணல்தான். கோர்ட் தெற்கு வடக்குதான்.
இன்னொன்று, மேல்தொட்டி நிரம்பி வழிகிற குழாய் அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் விழுகிறது. அது முக்கியமா?

பாளை சிவில் | 2.31
முக்கியமாவா? அதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தமாம் அண்ணாச்சி | 2.45
அதுதான் அண்ணே. மோட்டார் போடும் ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மணலை எடுத்துக்கொண்டு போகிறது. இரண்டு இஞ்ச் போடவே வேண்டாம். அடியில் ஆள் இல்லாத தளத்துக்கு மேலே பாரம் ஏற்றுகிற வேலை அது, பழைய வெடிப்பு அதே இடத்தில் மேலேயும் வரும்.
முதலில் குழாயைத் திருப்புங்கள். மூலையில் பொந்து எவ்வளவு தூரம் போகிறதோ அதற்கு ஒரு அடி தள்ளி, கட்டரால் நேர்கோடாக வெட்டி அந்தப் பாகத்தை எடுங்கள். ஆறு இஞ்ச் மணல், தண்ணீர், ரேமர் (மண்ணை இடித்து இறுக்கும் மெஷின்), மறுபடி ஆறு இஞ்ச். பிறகு நாலு பக்கமும் ஓரச் சுவர், இயற்கை மண்ணுக்குள் ஒன்றரை அடியாவது இறங்க வேண்டும். கான்கிரீட்டைச் சாயங்காலம் ஐந்துக்கு மேல், லாரித் தண்ணீரில் போடுங்கள். மீதித் தளத்தில் பெரிய கோடுகளை மட்டும் கட்டரால் கீறி பியூ சீலண்ட் (ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் பசை) அடைத்தால் போதும். பெயிண்ட்டை 28 நாள் மறந்துவிடுங்கள். பாப்பா போட்டிவரை வெறும் தளத்தில் ஆடட்டும், அந்த மூலைப் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

பாளை சிவில் | 3.10
ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். பழைய தளமும் புதிய மூலையும் சேரும் இடத்தில் தளத்தின் பாதி உயரத்தில் துளைபோட்டு, அடிக்கு ஒரு கம்பி சொருகுங்கள். இல்லையென்றால் அந்த மூலை தனியாக இறங்கும், ஓடிவரும் பிள்ளை தடுக்கி விழும்.

தேரிமேடு | செவ்வாய் இரவு 9.05
கொத்தனாரிடம் பேசி மூலையை வெட்டியாகிவிட்டது. ஓரத்தில் கை விட்டேன், முழங்கை வரை உள்ளே போனது, மணலே இல்லை. குழாயைத் தென்னைக்குத் திருப்பிவிட்டேன். தண்ணீர் டெஸ்ட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். மகள் வடக்குப் பாதியில் சர்வீஸ் பழகுகிறாள். எல்லோருக்கும் நன்றி.

தமாம் அண்ணாச்சி | 9.30
நல்லது அண்ணே. குளோரைடு எவ்வளவு வந்தது என்று மறக்காமல் எழுதுங்கள்.

கரிசல்சீமை | புதன் காலை 6.50
வெட்டின இடத்தில் அடியில் என்ன மண் இருந்தது?