கலைச்சொல்: பரோக் பாப் – ‘அலங்கார மெல்லிசை’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வயலின், செல்லோ போன்ற செவ்வியல் கருவிகளோடு வரும் பாப் இசை வகைதான் பரோக் பாப் (baroque pop). அகராதியில் அதற்குத் தமிழ்ச் சொல்லாக ‘அலங்கார மெல்லிசை’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆர்கேட் ஃபயர் என்ற ராக் குழுவின் ‘ஃபியூனரல்’ ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். கனடாவின் மொன்றியலில் பதிவாகி, 2004இல் மெர்ஜ் என்ற சுயாதீன நிறுவனத்தின் வழியே வந்தது. பதிவு நடந்த காலத்தில் குழுவினர் சிலரின் வீடுகளில் அடுத்தடுத்துச் சாவு. குழுவில் பாடும் ரெஜீன் சசான்யின் பாட்டி போனார். குழுவில் இருந்த பட்லர் சகோதரர்களின் தாத்தா போனார். ‘ஃபியூனரல்’, அதாவது இறுதிச் சடங்கு, என்று பெயர் வைத்ததே அதனால்தான். இந்த இசைக்கு அலங்காரம் என்று பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

மனம் ஒருபுறம் இருக்கட்டும், இசைப்படியும் அது சரியில்லை. அதே ஆல்பத்தின் ‘க்ரவுன் ஆஃப் லவ்’ கேளுங்கள். வால்ட்ஸ் என்ற மும்மூன்று தட்டு நடையில் மெதுவாக அசைந்து போகும் பாட்டு. கடைசியில் சட்டென்று நடன வேகத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவலில் வயலின்களும் சேர்ந்தே ஓடுகின்றன. அலங்காரம் என்றால் கழற்றி வைக்கலாம். இங்கே வயலின்களைக் கழற்றினால் பாட்டே குலைந்துவிடும்.

ஹார்ப்சிகார்ட் என்பது பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி. ‘ஹார்ப்சிகார்ட் பாப்’ என்று அந்தக் கருவியை வைத்துச் சொல்வதும் ஒத்துவராது. பீட்டில்ஸின் ‘இன் மை லைஃப்’ (1965) பாட்டின் நடுவே ஹார்ப்சிகார்ட் போல ஒலிப்பது உண்மையில் பியானோ. பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அதைப் பாதி வேகத்தில் ஓடும் நாடாவில் வாசித்துப் பதிந்து, முழு வேகத்தில் ஓட்டினார். கருவி வேறு, ஆனால் பாணி அதேதான்.

அப்படியென்றால் இந்த வகையின் அடையாளம் எது? மெட்டுகள் ஒன்றோடொன்று பின்னிப் போவது. நம் பின்னல் கோலாட்டத்தில் ஆளுக்கொரு கயிறு, ஆளுக்கொரு பாதை. ஆனால் மேலே விழுவது ஒரே சடை. எனவே என் பரிந்துரை: பின்னல் பாப். ‘பின்னிசை’ என்று சுருக்க வேண்டாம், பின்னணி இசை என்று படித்துவிடுவார்கள். பாப் என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல், இருக்கட்டும். ‘பரோக்’ என்பதை 1600–1750 காலத்து ஐரோப்பிய இசைக்கே விட்டுவிடலாம்.

 

அகராதிக்கு என் வரைவு:

பின்னல் பாப் (பெ.): வயலின், செல்லோ, ஃபிரெஞ்சுக் கொம்பு (French horn), ஹார்ப்சிகார்ட் போன்ற செவ்வியல் கருவிகள் பாடகரின் மெட்டோடு தத்தம் மெட்டுகளைப் பின்னிச் செல்லும் பாப் இசை வகை, 1960களின் நடுவில் உருவானது.