ஸ்கைரிம் வீடியோ கேம்: டிராகனைக் கொன்றும் சோல் ஏறவில்லை, உதவி தேவை

கரிசல்வில்:
அவசரம். நேற்று ராத்திரியிலிருந்து மூன்று டிராகனை அடித்துவிட்டேன், ஒன்றின் சோலும் (ஆன்மா) எனக்கு ஏறவில்லை. ஷவுட்டில் (கத்திச் சொல்லும் மந்திரம்) மூன்றாவது சொல்லைத் திறக்க இன்னும் ஒரு சோல் வேண்டும். பழைய சேவ் எடுத்து மறுபடி ஆடினாலும் அதேதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுக்குருவி:
பிசியா, கன்சோலா? 2011 பதிப்பா, ஸ்பெஷல் எடிஷனா? மோட் (ரசிகர்கள் செய்த கூடுதல் மாற்றங்கள்) ஏதாவது உண்டா?

வெண்கலவாள்:
மோட்தான், சந்தேகமே வேண்டாம். எனக்கும் இப்படி ஆனது. பின்னணியில் ஸ்கிரிப்ட் (கேமை இயக்கும் நிரல்) குவிந்துவிட்டால் டிராகன் செத்ததையே கேம் கவனிக்காது. எல்லா மோடையும் கழற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

தட்டான்:
புதிதாகவா? பாவம், எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறாரோ. தம்பி, வைட்ரன் நகரத்துக்குப் பக்கத்துக் காவல் கோபுரத்தில் மிர்முல்னிர் என்ற டிராகனைக் கொன்றாகிவிட்டதா? மெயின் க்வெஸ்டில் (முக்கியக் கதையில்) அந்தக் கட்டம் வந்தால்தான் சோல் ஏறவே தொடங்கும்.

மூத்தகொல்லன்:
இப்படி அரைகுறையாகக் கேட்டால் யார் பதில் சொல்ல முடியும்? வைத்தியரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்வீர்களா? டிராகன் எரிகிறதா, எலும்பு மட்டும் மிஞ்சுகிறதா, ஒளி கிளம்புகிறதா, கிளம்பினால் எங்கே போகிறது? இதையெல்லாம் கவனித்து எழுதப் பழகுங்கள்.

கரிசல்வில்:
மன்னிக்கவும் அண்ணா. பிசி, ஸ்பெஷல் எடிஷன். மோட் கிடையாது, டிஎல்சியும் (கூடுதல் கதைப் பகுதி) வாங்கவில்லை. மிர்முல்னிரை எப்போதோ முடித்துவிட்டேன், அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு சோல் ஒழுங்காகவே ஏறியது. இப்போதும் தோல் பொசுங்கி எலும்பு தெரிகிறது, காற்றுச் சத்தத்தோடு ஒளி கிளம்புகிறது. ஆனால் என்னிடம் வராமல் பக்கத்தில் நிற்கிறவனிடம் போய்விடுகிறது.

தட்டான்:
எவனிடம்?

கரிசல்வில்:
முகமூடி போட்ட ஒருவன். உடம்பு புகை மாதிரி, பின்னால் இருக்கும் பாறை தெரிகிறது. ஏதோ பேசிவிட்டு மறைந்துவிடுகிறான். கிராஃபிக்ஸ் கோளாறு என்று நினைத்துச் சொல்லவில்லை.

மூத்தகொல்லன்:
முதல் வரியில் எழுத வேண்டியது அதுதான். அவன் மிராக், 2012-இல் வந்த டிராகன்பார்ன் டிஎல்சியின் வில்லன். ஸ்பெஷல் எடிஷனில் மூன்று டிஎல்சியும் சேர்ந்தே வரும், தனியாக வாங்க வேண்டியதில்லை. விண்ட்ஹெல்மில் படகு ஏறி சால்ஸ்தைம் தீவுக்குப் போனீர்களா? அங்கே கோயிலுக்குள் இருந்த கருப்புப் புத்தகத்தைத் திறந்தீர்களா?

கரிசல்வில்:
ஆமாம், திறந்தேன். தீவு பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

தட்டான்:
அப்படியென்றால் கேம் கெட்டுப்போகவில்லை, கதையே அதுதான். டிராகன் சோலை டிராகன்பார்ன், அதாவது டிராகனின் ஆன்மாவோடு பிறந்தவர், மட்டும்தான் உறிஞ்ச முடியும். உங்களுக்கு முன்னால் இருந்த முதல் டிராகன்பார்ன் மிராக். அதனால் நீங்கள் கொன்றதை அவனால் பறிக்க முடிகிறது. ஒவ்வொரு முறையும் வரமாட்டான், ஆனால் ஸ்கைரிம் மண்ணுக்குத் திரும்பினாலும் விடமாட்டான். தீவுக் கதையை முடித்து, கருப்புப் புத்தகம் கொண்டுபோகும் அபோக்ரிஃபா உலகில் அவனைத் தோற்கடியுங்கள். பறித்ததெல்லாம் உங்களுக்கே திரும்பி வரும். கடைசிச் சண்டையில் தோற்கும் நிலை வந்தால் தன்னுடைய டிராகனையே கொன்று, அதன் சோலில் தேறி எழுவான். அசந்துவிடாதீர்கள், மருந்து நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்கலவாள்:
எதற்கு இத்தனை பாடு? ~ விசையை அழுத்திக் கட்டளை போட்டால் வேண்டிய சோல் வந்துவிடும். அப்புறம், இவை டிராகனே இல்லை. இரண்டு கால், இரண்டு இறக்கை என்றால் வைவர்ன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 1977-இன் மான்ஸ்டர் மேனுவலிலேயே இரண்டும் தனித்தனி. டிராகனுக்கு நான்கு கால், வைவர்னுக்கு வாலில் விஷக்கொடுக்கு.

இரவுக்குருவி:
அது அந்த விளையாட்டின் கணக்கு. பிரிட்டனின் கேடயச் சின்னங்களிலும் அப்படிப் பிரிப்பார்கள். ஆனால் ஐரோப்பாவின் பழைய ஓவியங்களில் இரண்டு கால் டிராகன்கள் நிறைய உண்டு. ஸ்கைரிமில் அது தரையிறங்கி இறக்கையை ஊன்றி வௌவால் மாதிரி ஊர்ந்து வருவதைப் பாருங்கள், அந்தக் கனம் நான்கு காலில் வந்திருக்குமா?

வெண்கலவாள்:
கனம் வேறு, பெயர் வேறு. அந்த விளையாட்டில் சிவப்பு டிராகன் நெருப்பு, நீலம் மின்னல், பச்சை விஷவாயு, வெள்ளை உறைபனி என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் இருக்கிறது.

தட்டான்:
ஸ்கைரிமில் இலக்கணமே பேச்சுதான். "யோல் டோர் ஷுல்" என்பது டிராகன்களின் மொழியில் மூன்று சொல், வாயைத் திறந்து சொன்னால் நெருப்பு. இரண்டு டிராகன்கள் நெருப்பு கக்கிச் சண்டை போட்டால் அவை வாதாடுகின்றன என்று அர்த்தம். காலை எண்ணி இதைக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூத்தகொல்லன்:
கால் விவகாரத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். கேட்டவர் எங்கே போனார்?

கரிசல்வில்:
(நான்கு நாள் கழித்து) மிராக் முடிந்தான். மூன்று சோலும் திரும்பி வந்தன. தட்டான் அண்ணாவுக்கும் மூத்தகொல்லன் அண்ணாவுக்கும் நன்றி.

பனைநிழல்:
எனக்கும் சோல் ஏறவில்லை. ஆனால் முகமூடிக்காரன் யாரும் வரவில்லை. என்ன செய்ய?

இரவுக்குருவி:
பிசியா, கன்சோலா?