டேங்கர் இறக்கும்போது அபாயப் பலகையை மூடலாமா?

வணக்கம் அண்ணன்மாரே. தூத்துக்குடியிலிருந்து ஈரோட்டுப் பக்கம் சாயப்பட்டறைகளுக்கு கந்தக அமில டேங்கர் ஓட்டுகிறேன். வண்டியின் இரண்டு பக்கமும் பின்புறமும் அபாயப் பலகை இருக்கிறது: யுஎன் 1830 (கந்தக அமிலத்துக்கான சர்வதேச எண்), அரிக்கும் பொருள் என்ற 8-ஆம் வகுப்புச் சின்னம், அவசர போன் நம்பர். டிரெம் கார்டும் (விபத்து நேர்ந்தால் என்ன செய்யணும் என்று சொல்லும் அட்டை) கேபினில்தான்.

ஒரு பட்டறையில் மட்டும் கேட் தாண்டியதுமே, "பலகை மேல சாக்கைப் போட்டு மூடு, அக்கம்பக்கத்துக்காரங்க பயப்படுறாங்க" என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஹோஸ் மாட்டும்போதும் கழற்றும்போதும்தானே சொட்டும்? கப்ளிங்கில் (ஹோஸ் இணைப்பில்) கசிந்தால் ஓடிவரும் தீயணைப்புக்காரர் முதலில் தேடுவது அந்த யுஎன் நம்பரைத்தான். கந்தக அமிலம் என்று தெரியாமல் யாராவது ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

1989 மோட்டார் வாகன விதிகளில் 133-ஆம் விதி ஓட்டுநர் பொறுப்பு, 134 பலகை பற்றியது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சரி, இறக்கும் நேரத்தில் பலகைக்குப் பொறுப்பு நானா, பட்டறைக்காரரா? அப்புறம், காலி டேங்கரின் அடியில் அமிலம் தங்கத்தான் செய்யும். கழுவாமல் திரும்பும்போதும் பலகை இருக்கணும்தானே? ஆர்டிஓ சோதனையில் யாரிடமாவது இதைக் கேட்டிருக்கிறார்களா?

பட்டறைக்காரரிடம் காட்ட விதியின் தமிழ் நகல் இருந்தால் போடுங்கள். வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது.