129 டாலர் யார் கட்டியது? ஸ்டேடியா விலைப் பஞ்சாயத்து

லேக்ராஜா:
"ஸ்டேடியா முதல் நாளிலிருந்தே இலவசம், சும்மா கொடுத்தும் யாரும் விளையாடவில்லை" என்று ஒரு மகான் எழுதியிருக்கிறார், அதற்குக் கைதட்டல் வேறு. கூகுளின் ஸ்டேடியா, அதாவது ஆட்டத்தைக் கூகுள் கணினியில் ஓட்டி இணையம் வழியாக நம் திரைக்கு அனுப்பிய சேவை, வெளியான 2019 நவம்பர் 19 அன்று உள்ளே போக 129 டாலர் பெட்டி வாங்கியிருக்க வேண்டும். இலவசக் கணக்கு வந்தது 2020 ஏப்ரல் 8. இது தெரியாமல் எதற்கு வாயைத் திறக்கிறார்கள்?

கட்டைவிரல்:
அந்த மகான் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 129 சேவைக்கான காசே இல்லை. பெட்டிக்குள் இருந்த கன்ட்ரோலர் தனியாக 69, டிவியில் சொருகும் குரோம்காஸ்ட் அல்ட்ரா 69, கூட்டினால் 138. மாதக் கட்டணச் சந்தாவான ப்ரோவையும் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒன்பது டாலர் லாபம் ஐயா.

லேக்ராஜா:
பெட்டி வாங்காமல் நவம்பரில் ஓர் ஆட்டம் ஆட முடிந்ததா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கட்டைவிரல்:
முடிந்தது. பட்டி பாஸ், பெட்டி வாங்கியவன் நண்பனுக்குக் கொடுக்கும் இலவச அனுமதி.

லேக்ராஜா:
பட்டி பாஸை யார் கொடுத்தது? 129 கட்டிய இன்னொருத்தன். அதுவும் வெளியான நாளில் கைக்கு வரவில்லை. ஒருத்தன் டிக்கெட் எடுத்து நண்பனையும் கூட்டிப்போனால் தியேட்டரே இலவசம் ஆகிவிடுமா?

பிக்சல்பூதம்:
விலையையே பிடித்துத் தொங்குகிறீர்கள் இரண்டு பேரும். 4கே தெளிவு வேண்டுமென்றால் 35 எம்பிபிஎஸ் இணைய வேகம் தேவைப்பட்டது, அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபி. டேட்டா வரம்பு உள்ளவன் கதி என்ன? இதே மாதிரி பழைய சேவையான ஆன்லைவ் 2010-ல் மாதம் 14.95 டாலர் என்று அறிவித்துவிட்டு அதே ஆண்டு மாதக் கட்டணத்தையே தூக்கியது. பிழைத்ததா? 2015 ஏப்ரலில் கடையைச் சாத்தினார்கள்.

லேக்ராஜா:
ஆன்லைவுக்குத் தனியாகப் பஞ்சாயத்து வையுங்கள். இங்கே 129.

கட்டைவிரல்:
பூதம், என்விடியாவின் இதே மாதிரி சேவையான ஜீஃபோர்ஸ் நவ்விலிருந்து ஆக்டிவிஷன் ப்ளிஸார்ட் நிறுவனம் தன் ஆட்டங்களை எடுத்தபோது "இன்னும் பத்து நாளில் மூடிவிடுவார்கள்" என்று ஜோசியம் சொன்னது நீங்கள்தானே? அது இன்னும் ஓடுகிறது.

பிக்சல்பூதம்:
பத்து நாள் என்று நான் எங்கே சொன்னேன்? காட்டுங்கள்.

சும்மா_ஒருவன்:
ஜீஃபோர்ஸ் நவ் என்றதும் நினைவு வருகிறது, 2020 பிப்ரவரி 4 பொது வெளியீட்டன்றே இலவசக் கணக்கும் இருந்தது. ஒரு மணி நேரத்தில் வெளியே தள்ளும், திரும்ப வரிசையில் நிற்கலாம். அது பிடிக்காதவன் 4.99 கட்டினான். ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஏற்கெனவே வாங்கிய ஆட்டத்தையே அதில் ஆடலாம். ஸ்டேடியாவில் மாதம் 9.99 கட்டினாலும் பெரும்பாலான ஆட்டங்களைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

லேக்ராஜா:
சரியான பேச்சு, ஆனால் 129-ஐ விட்டுவிட்டீர்கள். லாபம் என்றாரே அந்தக் கன்ட்ரோலர், வெளியான நாளில் குரோம்காஸ்ட் அல்ட்ராவோடு மட்டும்தான் கம்பியில்லாமல் ஓடியது, கணினியில் ஆட யுஎஸ்பி வயர் சொருக வேண்டும், கைப்பேசி என்றால் கூகுளின் பிக்சல் மட்டும், இத்தனையையும் சகித்துக்கொண்டு 129 கட்டியவனைப் பார்த்து ஓசியில் ஆடினாய் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். முதல் நாள் கூட்டம்தான் ஊருக்குப் போய்ச் சொல்லும். அந்தக் கூட்டத்தைப் பணம் கட்ட வைத்துவிட்டு, யாரும் வராத பிறகு ஏப்ரலில் கதவைத் திறந்தார்கள்.

கட்டைவிரல்:
சரி, 2023 ஜனவரி 18 அன்று மூடியபோது என்ன செய்தார்கள்? கருவிக்கும் ஆட்டங்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூட்டிக் கழித்தால் உங்கள் 129 பூஜ்யம். ஆக இலவசம்.

லேக்ராஜா:
அடேயப்பா! 2022 செப்டம்பரில் அறிவித்ததை வைத்து 2019 விலையைக் குறைக்கிறார். ப்ரோ சந்தாவுக்குக் கட்டிய 9.99 திரும்பி வந்ததா?

கட்டைவிரல்:
சந்தாவைப் பற்றி யார் பேசியது? நீங்கள்தானே 129, 129 என்று ஜபித்தீர்கள். கூகுள் கன்ட்ரோலரின் ப்ளூடூத்தைத் திறந்துவிட்ட பிறகு அதே கன்ட்ரோலரில்தான் இன்றும் ஆடுகிறேன், காசையும் வாங்கிவிட்டேன். வயிற்றெரிச்சலுக்கு என்னிடம் மருந்தில்லை.

லேக்ராஜா:
நவம்பர் 19. பெட்டி இல்லாமல். ஆட முடிந்ததா?

சும்மா_ஒருவன்:
விடுங்கள் தல, அவர் சொல்லமாட்டார்.

கட்டைவிரல்:
பட்டி பாஸ் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

பிக்சல்பூதம்:
பத்து நாள் என்று நான் எழுதிய இடத்தைக் காட்டச் சொல்லி எவ்வளவு நேரம் ஆகிறது? யாராவது பதில் சொல்கிறீர்களா?